திரை வழியே தலைமைத்துவப் பயிற்சி: மனிதர் எங்கே?



'முகாமையாளர்' என்ற சொல்லைக் கேட்டதும் உங்கள் மனக்கண் முன் யார் தோன்றுகிறார்? கோட்டும் டையும் அணிந்து, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் குளிரூட்டிய அறையில் அமர்ந்திருக்கும் ஒரு பெரிய மனிதர்தானே? அந்தப் படத்தைச் சற்று ஒதுக்கி வையுங்கள். ஆடைத் தொழிற்சாலையில் முப்பது நாற்பது யுவதிகளை வைத்து வேலை வாங்கும் மேற்பார்வையாளர் ஒரு முகாமையாளர். பாடசாலை அதிபர், வார்டுக்குப் பொறுப்பான தாதி, வங்கிக் கிளையின் உதவி முகாமையாளர், நான்கு ஆசிரியைகளை வைத்து பாலர் பாடசாலை நடத்தும் டீச்சர், இவர்களெல்லோரும் முகாமையாளர்களே. பிறரைக் கொண்டு ஒரு வேலையைச் செய்விப்பவர் எவரோ அவர் முகாமையாளர். இதை வாசிக்கும் உங்களில் பலர் அப்படிப்பட்டவர்கள். இன்னும் பலருக்குக் கணவரோ மகளோ அப்படிப்பட்டவர்.

இவர்களுக்கு நிறுவனங்கள் 'தலைமைத்துவப் பயிற்சி' கொடுப்பது வழக்கம். ஊழியர்களோடு எப்படிப் பேசுவது, பிழை செய்தவரை எப்படித் திருத்துவது, இருவர் பிணங்கிக் கொண்டால் என்ன செய்வது, மேலிடத்துக் கட்டளையைக் கீழே உள்ளவர்களின் மனம் நோகாமல் எவ்வாறு நிறைவேற்றுவது என்பனவெல்லாம் அதில் அடங்கும். முன்னரென்றால் அது ஒரு ஹோட்டல் மண்டபத்தில் இரண்டு மூன்று நாள் செயலமர்வாக நடக்கும். இப்போது கையடக்கத் தொலைபேசிக்கு ஓர் இணைப்பு வருகிறது. விரலால் தட்டினால் பயிற்சி ஆரம்பம்!

மனிதரை நடத்தும் கலையை மனிதர் முகம் பாராமல் கற்க முடியுமா? 'முடியாது' என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவது இலகு. ஆனால் பெண்களாகிய நமக்கு அந்தப் பதில் நீதியானதல்ல. ஏன் என்று பார்ப்போம்.

திறந்த கதவு

புத்தளத்திலோ அட்டாளைச்சேனையிலோ ஒரு நிறுவனத்தில் வேலை செய்யும் சகோதரி ஒருவரை எண்ணிப் பாருங்கள். திறமைசாலி. பத்து வருட சேவை. கொழும்பில் மூன்று நாள் வதிவிடப் பயிற்சி என்று அறிவித்தல் வருகிறது. கைக்குழந்தையை யாரிடம் விடுவது? இரவில் எங்கே தங்குவது? யார் கூட்டிச் செல்வது? வீட்டில் பேச்சை எடுக்குமுன்பே பதில் அவளுக்குத் தெரியும். ஆகவே 'இந்த முறை வசதிப்படாது சேர்' என்று சொல்லி விடுகிறாள். அவளுக்குப் பதிலாக, அவளிடம் வேலை பழகிய தம்பி ஒருவர் போய்ச் சான்றிதழோடு திரும்பி வருகிறார். அடுத்த பதவி உயர்வில் அந்தச் சான்றிதழ் பேசும். இது ஒருவருடைய கதையல்ல என்பது உங்களுக்கே தெரியும்.

2020 மார்ச் மாதத்தில் கொவிட் நோய் காரணமாக நாடு பூராவும் ஊரடங்குச் சட்டம் போடப்பட்டது. பாடசாலை, அலுவலகம், கூட்டம், பயிற்சி எல்லாமே திரைக்குள் புகுந்தன. அந்தச் சகோதரிக்கும் முதன்முறையாக வகுப்பில் ஓர் இடம் கிடைத்தது. குழந்தையை மடியில் வைத்துக் கொண்டே கேட்டாள். அடுப்பில் சோறு கொதிக்கக் கொதிக்கக் கேட்டாள். 2022 இல் மின்வெட்டு மணிக்கணக்கில் நீண்டபோதும், தொலைபேசியின் பற்றரி தாங்கும் வரை கேட்டாள்.

இந்தக் கதவை மறுபடியும் மூடச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 'நேரில் கூடினால்தான் மனித உறவு வளரும்' என்று பேசும் அதிகாரிகள் வதிவிடப் பயிற்சிக்குப் போகும்போது, அவர்களுடைய பிள்ளைகளைப் பார்த்துக் கொள்ள வீட்டில் ஒருவர் இருக்கிறார் என்பதைக் கவனியுங்கள்!

ஆனால், கதவு திறந்த பின் உள்ளே அவள் கண்டது என்ன? ஐம்பது கறுப்புக் கட்டங்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெயர். நடுவில் ஒருவர் படங்களைக் காட்டி வாசித்துக் கொண்டு போகிறார். இல்லாவிட்டால் அதுவும் இல்லை: முன்பே பதிவு செய்த வீடியோ, அதன் பின் பத்து வினா, சரியான விடையில் ஒரு புள்ளடி, கடைசியில் பெயர் அச்சிட்ட சான்றிதழ். ஆறு வாரத்தில் ஒருவர்கூட அவளுடைய பெயரை வாயால் உச்சரிக்கவில்லை. நடுவில் இரண்டு வாரம் அவள் வராமலிருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது.

உலகெங்கும் இதே நிலைதான். அமெரிக்காவின் ஹாவட் பல்கலைக்கழகமும் எம்.ஐ.டி.யும் இணையத்தில் திறந்துவிட்ட பாடநெறிகளைப் பற்றிய ஓர் ஆய்வு 2019 இல் வெளிவந்தது. 2017-18 ஆம் ஆண்டில் சேர்ந்தவர்களுள் நூற்றுக்குச் சுமார் 3 பேர் மட்டுமே பாடநெறியை முடித்திருந்தார்கள். சும்மா எட்டிப் பார்க்க வந்தவர்களும் இந்தக் கணக்கில் உண்டு என்பதைச் சொல்லத்தான் வேண்டும். பணம் கட்டிச் சேர்ந்தவர்களுள் முடித்தவர் தொகை இதைவிட மிக அதிகம். ஆனாலும் பாடம் நல்லது, ஆசிரியர் உலகப் புகழ் பெற்றவர், கட்டணமும் இல்லை என்றிருந்தும் இத்தனை பேர் இடையில் நின்றுவிட்டார்கள் என்பது யோசிக்க வேண்டிய விடயம். நின்றவரை 'ஏன் வரவில்லை?' என்று கேட்க அங்கே யாரும் இருக்கவில்லை.

கேட்கப் பழகுவதே பாடம்

கணக்குப் பாடத்தையோ கணனிப் பாடத்தையோ வீடியோவில் பார்த்துக் கற்கலாம். தலைமைத்துவம் மட்டும் ஏன் வேறுபட்டது? இதற்கு ஒரு பழைய சம்பவத்தைச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவின் சிக்காகோ நகருக்கு அருகே ஹோதோர்ன் என்ற இடத்தில் தொலைபேசிக் கருவிகள் செய்யும் ஒரு பிரமாண்டமான தொழிற்சாலை இருந்தது. 1924 இல் அங்கே ஓர் ஆராய்ச்சி தொடங்கியது. வெளிச்சத்தைக் கூட்டினால் உற்பத்தி கூடுமா என்பதுதான் முதல் கேள்வி. 1927 இல் சில இளம் பெண்களைத் தனி அறையில் அமர்த்தி, ஓய்வு நேரத்தையும் வேலை நேரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். ஹாவட் பல்கலைக்கழகத்தின் எல்டன் மேயோ என்ற பேராசிரியரும் இதில் சம்பந்தப்பட்டார். முகாமைத்துவ நூல்களில் 'அக்கறை காட்டினால் உற்பத்தி பெருகும்' என்று இந்தக் கதை இன்றும் இனிப்பாக எழுதப்படுகிறது. அதை அப்படியே நம்ப வேண்டாம். பின்னால் வந்த ஆய்வாளர்கள் அந்த முடிவைக் கடுமையாகக் கேள்விக்குட்படுத்தியிருக்கிறார்கள். அந்த அறையிலிருந்த பெண்களில் இருவர், அதிகம் பேசுகிறார்கள் என்று குற்றஞ்சாட்டப்பட்டு இடையில் மாற்றப்பட்டும் விட்டார்கள். அக்கறை காட்டிய இலட்சணம் அது!

நமக்கு வேண்டியது அந்த அறையல்ல, அதற்கு அடுத்து நடந்தது. 1928 இல், மேற்பார்வையாளர்களைப் பயிற்றுவிப்பதற்கு விடயம் திரட்ட வேண்டுமென்று ஊழியர்களை ஒவ்வொருவராகப் பேட்டி காணத் தொடங்கினார்கள். இரண்டு மூன்று வருடங்களில் இருபதாயிரத்துக்கு மேற்பட்டவர்களோடு பேசினார்கள். முதலில் கையில் வினாத்தாள் வைத்துக் கொண்டு 'மேற்பார்வையாளர் எப்படி? வெளிச்சம் எப்படி? சம்பளம் எப்படி?' என்று கேட்டார்கள். ஊழியர்களோ கேட்டதை விட்டுவிட்டு வேறெதையோ பேசினார்கள். வீட்டு நோயாளி, கடன், பக்கத்தில் வேலை செய்பவரோடு மனத்தாங்கல் இப்படி. ஆகவே வினாத்தாளை மூடி வைத்துவிட்டு, அவர்கள் பேசுவதைக் குறுக்கிடாமல் கேட்பது என்று முறையை மாற்றினார்கள். அரை மணித்தியாலப் பேட்டி ஒன்றரை மணித்தியாலமாக நீண்டது. கேட்பது என்பதே ஒரு தொழில்திறமை, அதைப் பழக்கித்தான் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் முகாமைத்துவ உலகத்தில் ஊன்றப்பட்டதில் இந்தப் பேட்டிகளுக்குப் பெரும் பங்குண்டு.

ஏறத்தாழ எண்பது வருடம் கழித்து இதே பாடத்தை ஒரு கணனி நிறுவனமே திரும்பப் படித்தது. கூகுள் நிறுவனம் 2002 இல் பொறியியலாளர்களுக்கு மேலே முகாமையாளர்களே வேண்டாம் என்று ஒரு பரீட்சை செய்து பார்த்தது. சில மாதங்கள்தான் நீடித்தது. செலவுச் சீட்டு முதல் ஊழியர்களின் சண்டை வரை எல்லாம் நேராக நிறுவனரின் மேசைக்கே போய்ச் சேர, கைவிட்டார்கள். பின்னர், நல்ல முகாமையாளர் என்றால் யார் என்று தங்களிடமிருந்த ஊழியர் கருத்துக் கணிப்புகளையும் மதிப்பீடுகளையும் வைத்து ஆராய்ந்தார்கள். எட்டுக் குணங்கள் வெளிவந்தன. முதலாவது, ஆளைப் பழக்கியெடுக்கும் நல்ல பயிற்றுநராக இருப்பது. தொழில்நுட்ப அறிவு? அது எட்டாவது இடத்தில் கிடந்தது! கணனியே உலகம் என்றிருக்கும் இடத்திலேயே இதுதான் கணக்கென்றால் மற்ற இடங்களைச் சொல்லவும் வேண்டுமா?

இப்போது விளங்குகிறதல்லவா? தலைமைத்துவத்தில் பாடமே மனிதர்தான். 'ஊழியர் சொல்வதைச் செவிமடுக்க வேண்டும், சரியா பிழையா?' என்ற வினாவுக்கு எவரும் 'சரி' என்றே புள்ளடி போடுவார். ஆனால் நாளைக் காலை, கண்ணீரோடு வந்து நிற்கும் ஒரு பிள்ளையின் முன்னால் வாயை மூடிக் கொண்டு ஐந்து நிமிடம் கேட்பது வேறு. அது, தன்னை அப்படி ஒருவர் கேட்டிருந்தால்தான் வரும். பயிற்சியில் தன் பெயர்கூடச் சொல்லப்படாத முகாமையாளர், தனக்குக் கீழுள்ளவர்களையும் பட்டியலில் ஒரு வரியாகப் பார்க்கப் பழகி விடுகிறார்.

இதன் கடைசி எல்லை எங்கே போய் முடியும் என்பதையும் உலகம் பார்த்துவிட்டது. 2021 டிசம்பரில் அமெரிக்காவில் வீட்டுக் கடன் வழங்கும் ஒரு நிறுவனத்தின் தலைவர், சூம் கூட்டம் ஒன்றுக்குத் தொள்ளாயிரம் பேர்வரை அழைத்து, சில நிமிடங்களில் 'இந்த அழைப்பில் இருக்கிற எல்லோருக்கும் வேலை முடிந்தது' என்று அறிவித்தார். மூன்று மாதம் கழித்து, 2022 மார்ச் 17 ஆம் திகதி, பிரித்தானியாவின் பீ அண்ட் ஓ ஃபெரிஸ் என்ற கப்பல் நிறுவனம் ஏறத்தாழ 800 ஊழியர்களை, முன்கூட்டியே பதிவு செய்த ஒரு வீடியோவைக் காட்டி வேலையிலிருந்து நிறுத்தியது. பதிவு செய்த வீடியோவிடம் 'ஏன்?' என்று திருப்பிக் கேட்க முடியாது. வருடக்கணக்கில் உழைத்தவர்கள் கப்பலில் நின்றுகொண்டு திரையைப் பார்த்தார்கள். அந்த மனிதர்களை முகத்துக்கு முகம் பார்த்துச் சொல்லும் தைரியம் ஒரு முகாமையாளருக்கு இருந்திருக்க வேண்டாமா?

கமராவும் களைப்பும்

இனி, திரை வகுப்புக்குள் இருக்கும் பெண்ணின் பக்கம் வருவோம். 'எல்லோரும் கமராவைப் போடுங்கள், அப்போதுதான் மனித உறவு இருக்கும்' என்று அடம்பிடிக்கும் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் அவர்களுக்குச் சில விடயம் தெரியாது.

நமது வீடுகளில் எத்தனை பேருக்குத் தனியறை இருக்கிறது? மண்டபத்தின் மூலையில் கதிரையைப் போட்டு அமர்ந்தால், பின்னால் மாமி நடமாடுவார், தங்கச்சி உடுப்பு மடிப்பாள், பிள்ளை ஓடி வரும். வீட்டிலுள்ள மற்றப் பெண்களின் தோற்றமும் அந்நியர் ஐம்பது பேருக்குத் தெரியும். பர்தா பேணும் குடும்பத்தில் இது சில்லறை விடயமல்ல. ஆகவே கமராவை மூடி வைக்கிறாள். மூடியவுடன் 'ஆர்வமில்லாதவள்' என்ற பெயர் கிடைக்கிறது.

இதில் ஆய்வாளர்களும் நம் பக்கம் ஒரு சாட்சி வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தினர் 2021 இல் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் வீடியோக் கூட்டங்களால் உண்டாகும் களைப்பைப் பற்றி விசாரித்தார்கள். மிகுந்த களைப்பு என்று சொன்ன பெண்கள் நூற்றுக்கு 13.8. ஆண்கள் 5.5 மட்டுமே. காரணங்களுள் முக்கியமானது என்ன தெரியுமா? திரையில் தெரியும் தன்னுடைய முகமே! ஒரு நாள் முழுவதும் யாராவது உங்கள் முன் கண்ணாடியைப் பிடித்துக் கொண்டு நின்றால் எப்படியிருக்கும்? முக்காடு சரிந்ததா, முகம் சோர்ந்ததா என்ற கவனத்திலேயே பாதி மனம் போய்விடும். அத்தோடு, பெரிதாகத் தெரியும் முகங்கள் எல்லாம் தன்னையே உற்றுப் பார்ப்பது போன்ற உணர்வு, அசையாமல் ஒரே இடத்தில் இருக்க வேண்டிய நிலை, தலையசைப்பையும் பார்வையையும் கொண்டு புரிந்துகொள்ள வேண்டியதை ஊகித்து ஊகித்து மூளை அலுப்பது எல்லாம் சேர்ந்து கொள்கின்றன. தன் முகம் தனக்குத் தெரியாமல் மறைக்க சூமில் ஒரு வசதி இருக்கிறது. வகுப்பில் இருப்பவர்கள் இன்றே அதைத் தேடிப் போட்டுக் கொள்ளுங்கள். பாதிப் பாரம் இறங்கும்.

உறவுக்கு முகம்தான் வேண்டுமென்பதில்லை. குரல் போதும். வெளிநாட்டிலிருந்து வாரம் ஒரு முறை வரும் தொலைபேசி அழைப்பில் எத்தனை குடும்பங்கள் நம் ஊர்களில் வருடக்கணக்காகக் கட்டுக்கோப்பாக இருந்தன! கமராவைக் கட்டாயப்படுத்தும் பயிற்றுநர் அதற்குப் பதிலாக ஒவ்வொருவரின் பெயரையும் ஒரு முறையாவது சொல்லி ஒரு கேள்வி கேட்டால், கறுப்புக் கட்டத்துக்குள்ளிருந்தும் மனிதர் வெளியே வருவார்.

இன்னொன்று, வகுப்பைப் பதிவு செய்வது. வராதவர்கள் பிறகு பார்க்கலாம் என்ற நோக்கம் நல்லது. ஆனால் திரையின் மூலையில் அந்தச் சிவப்புப் புள்ளி எரியும்போது, 'எனக்கு மேலுள்ளவர் என்னை எல்லோர் முன்னிலையிலும் ஏசினார், நானும் அதே கோபத்தை என் பிள்ளைகள் மீது கொட்டினேன்' என்று எந்தச் சகோதரி வாய் திறப்பாள்? அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் வைத்தியசாலைகளில் மருந்து கொடுப்பதில் ஏற்படும் பிழைகளை ஆராய்ந்தார். நன்றாக ஒற்றுமைப்பட்ட தாதியர் குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கோ தலைகீழாக வந்தது: அங்கேதான் அதிகம்! துருவிப் பார்த்தபோது விளங்கியது, அவர்கள் அதிகம் பிழை விடவில்லை, விட்ட பிழையைப் பயமின்றிச் சொன்னார்கள். மற்ற வார்டுகளில் தாதியர் மூடி மறைத்தார்கள். தலைமைத்துவ வகுப்பும் அப்படித்தான். விரிவுரையைப் பதிவு செய்யுங்கள், கலந்துரையாடலின்போது நிறுத்தி விடுங்கள். ஒரு பொத்தானை அழுத்தும் வேலைதான் இது.

தூரத்திலிருந்தும் கைபிடிக்கலாம்

தூரத்திலிருந்து கற்பிப்பது புதிய விடயமல்ல. பிரித்தானியாவின் திறந்த பல்கலைக்கழகம் 1971 இல் தனது முதல் மாணவர்களுக்குக் கற்பிக்கத் தொடங்கியபோது இணையம் கிடையாது. தபாலும் வானொலியும் தொலைக்காட்சியும்தான். ஆனால் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு போதனாசிரியர் இருந்தார். அனுப்பிய ஒப்படையை அவர் வாசித்து, ஓரத்தில் தன் கையாலேயே குறிப்பு எழுதித் திருப்பி அனுப்புவார். பல பாடநெறிகளில் கோடை காலத்தில் ஒரு வாரம் எல்லோரும் ஓரிடத்தில் கூடினார்கள். 1983 இல் முகாமைத்துவத்துக்கென்றே அங்கே ஒரு பிரிவும் தொடங்கியது. நமது நாட்டிலும் 1980 இல் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் ஆரம்பமாகி, நாவலையோடு நின்றுவிடாமல் கண்டி, மாத்தறை, யாழ்ப்பாணம் என்று பிராந்திய நிலையங்களை அமைத்தது. வீட்டிலிருந்தே படிக்கும் மாணவர்கள் இடைக்கிடை வந்து கூடும் நாட்களும் ஏற்பாட்டில் இருந்தன. இவற்றை நடத்தியவர்களுக்குத் தொழில்நுட்பம் குறைவு. ஆகவே மனிதரைக் குறைக்க அவர்களுக்குத் தோன்றவில்லை. இன்று தொழில்நுட்பம் நிறைய இருப்பதால்தான், 'இந்தப் போதனாசிரியர் எதற்கு, சம்பளம் மிச்சம்' என்ற ஆசை வந்திருக்கிறது.

எனவே, நீங்கள் ஒரு நிறுவனத்திலோ சங்கத்திலோ பாடசாலையிலோ இப்படியொரு பயிற்சியை ஒழுங்கு செய்யும் இடத்தில் இருந்தால், பெரிய வகுப்பை ஐந்தாறு பேர் கொண்ட சிறு குழுக்களாகப் பிரியுங்கள். கடைசி வரை அதே குழு இருக்கட்டும். வாரத்துக்கு வாரம் கலைத்துப் போட வேண்டாம். குழுவுக்குள் இரண்டிரண்டு பேராகத் துணை சேர்த்து விடுங்கள். வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையில் அவர்கள் ஒரு தடவை தொலைபேசியில் பேச வேண்டும், அவ்வளவுதான். வட்ஸ்அப் குழுவில் கட்டைவிரல் அடையாளம் போடுவது பேச்சாகாது! பெண்களுக்குப் பெண்களையே துணையாக்கினால் வீட்டிலும் ஆட்சேபம் இராது, பேச்சும் தாராளமாக வரும்.

ஆனால், தெரிந்தவர்களையே ஒன்றாகச் சேர்த்துவிடாதீர்கள். மைக்ரோசொப்ட் நிறுவனம் அமெரிக்காவிலுள்ள தனது 61,182 ஊழியர்களின் தொடர்புகளை 2020 இன் முதல் அரையாண்டில் ஆராய்ந்தது. எல்லோரும் வீட்டிலிருந்து வேலை செய்யத் தொடங்கியபின், ஏற்கெனவே நெருங்கிய வட்டத்துக்குள்ளேயே ஊழியர்கள் சுருங்கிவிட்டார்கள், வேறு பிரிவினரோடு இருந்த தொடர்பு தளர்ந்தது என்று கண்டார்கள். நேரில் என்றால் தேநீர் வேளையில் யாரோ ஒரு புதிய ஆள் பக்கத்தில் வந்து நிற்பார். திரையில் அப்படி யாரும் தற்செயலாக வருவதில்லை. வேண்டுமென்றேதான் வரவழைக்க வேண்டும். கண்டியிலுள்ள தாதியையும் மருதமுனையிலுள்ள அதிபரையும் இணைத்து விடுங்கள். ஒருவர் மற்றவருடைய தொழிலைப் பற்றிக் கேட்பதே நல்லதொரு பயிற்சி.

நேரத்தையும் பாருங்கள். றமழானில் மாலை ஆறு மணிக்கு வகுப்பு வைத்துவிட்டு, 'சகோதரிகள் ஒத்துழைப்பதில்லை' என்று அறிக்கை எழுதுபவருக்கு முதலில் தலைமைத்துவப் பயிற்சி கொடுக்க வேண்டும்.

முடிந்தால் முழு நெறியில் ஒரு நாளாவது, ஒரே ஒரு நாள், காலை வந்து மாலை திரும்பக் கூடியதாக, பக்கத்து நகரத்தில் எல்லோரும் கூடட்டும். கொழும்பில்தான் வைக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அந்த ஒரு நாளில் விரிவுரை வேண்டாம். திரையில் செய்ய முடியாததைச் செய்யுங்கள்: சேர்ந்து சாப்பிடுங்கள், எதிரெதிரே அமர்ந்து ஒரு கடினமான செய்தியைச் சொல்லிப் பழகுங்கள்.

இப்போது செயற்கை நுண்ணறிவு என்று சொல்லப்படும் கணனிச் செயலிகளோடு பேசியே இத்தகைய உரையாடல்களைப் பழகலாம் என்கிறார்கள். 'வேலைக்குப் பிந்தி வரும் ஊழியராக நடி' என்றால் அது நடிக்கும். கூச்சமுள்ளவர்களுக்கு இது உதவியே. மேடையேறுமுன் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்ப்பதில்லையா? ஆனால் அந்தச் செயலியை நீங்கள் எவ்வளவு கடுமையாக ஏசினாலும் அது இரவு வீட்டுக்குப் போய் அழாது. நீங்கள் கற்க வேண்டியதோ, சொன்ன சொல் எதிரிலிருப்பவரின் முகத்தில் எப்படி விழுகிறது என்பதைத்தான்.

வீட்டிலுள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் மகளோ மருமகளோ இப்படியொரு வகுப்பில் இருக்கும்போது, 'சும்மா போனைத்தானே பார்க்கிறாள்' என்று நினைக்காதீர்கள். செயலமர்வுக்குப் போன ஆணை யாரும் நடுவில் கூப்பிட்டு தேங்காய் துருவச் சொல்வதில்லை. அந்த ஒன்றரை மணித்தியாலம் பிள்ளையை வாங்கிக் கொள்ளுங்கள். கதவைச் சாத்திக் கொடுங்கள். வகுப்பு முடிந்ததும் 'இன்றைக்கு என்ன பேசினீர்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். படித்ததை வாயால் சொல்லும்போதுதான் அது மனதில் பதியும்.

பணம் கட்டிச் சேர நினைக்கும் சகோதரிகள், விளம்பரத்திலுள்ள வெளிநாட்டுச் சான்றிதழின் படத்தைப் பார்த்து மயங்காமல், தொலைபேசியில் அழைத்துச் சிலவற்றைக் கேளுங்கள். ஒரு வகுப்பில் எத்தனை பேர்? என் ஒப்படையை வாசிப்பவர் யார், அவரோடு நான் பேசலாமா? கமராவை மூடி வைத்தால் புள்ளி குறையுமா? இரண்டு வகுப்புக்கு நான் வராவிட்டால் யாராவது என்னை அழைத்து விசாரிப்பார்களா? கடைசிக் கேள்விக்குச் சொல்லும் பதிலைக் கவனமாகக் கேளுங்கள். 'எல்லாம் செயலியிலேயே இருக்கிறது மிஸ், நீங்கள் விரும்பிய நேரம் பார்க்கலாம்' என்று சொன்னால், அங்கே விற்பது ஒரு வீடியோப் பெட்டகம். அதற்குரிய விலையை மட்டும் பேசுங்கள்.